மாமா குளித்துவிட்டு வந்த ஞாயிற்றுக்கிழமை

கோல்காவலன் ஒரு பக்கம் விழுந்து கிடக்கிறான், பந்து தானாக வந்து காலடியில் நிற்கிறது, எதிரே வலை வாயைப் பிளந்துகொண்டு கிடக்கிறது. அப்படியும் தமர் அதை விளம்பரப் பலகைக்கு மேலே அனுப்பிவைத்தான். ஜாவாவின் ரெம்பாங் மைதானமே தலையில் அடித்துக்கொண்டது. "பத்தாம் நம்பரு, அந்தப் பந்து உன்னை என்னடா பண்ணுச்சு? ஏன் இப்படித் துரத்திவிடுற?" என்று வேலியோரம் இருந்து ஒரு குரல் கேட்டது. கேட்டது கருவாடு விற்கிற அம்மாள்.

சீசன் தொடங்கி மூன்று மாதமாகிவிட்டது. முன்னணியில் ஆடுகிறவன் கணக்கில் ஒரு கோல்கூட இல்லை. வேறு கோச்சாக இருந்தால் எப்போதோ துரத்தியிருப்பார். கோச் மாருலி சுமத்ராக்காரர், மனதில் இருப்பதை அப்படியே போட்டு உடைக்கிற ஆள். அன்று ஆட்டம் முடிந்ததும் அவனைத் தனியாக அழைத்தார்.

"தம்பி, அடுத்த ஞாயித்துக்கிழமை ஒரு கோல் போடு. இல்லன்னா திங்கக்கிழமை சட்டையைக் கழட்டிக் குடுத்துட்டு ஊருக்குப் போய்ச் சேரு. செமாராங்ல ஒரு பையன் பையைக் கட்டி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கான்."

தமருக்குப் பத்தொன்பது வயது. ஊருக்குப் போய் என்ன செய்வான்? பந்தைத் தவிர அவனுக்கு ஒன்றும் தெரியாது. அவன் அம்மா ருமினியோ, பார்க்கிறவர்களிடமெல்லாம் மகன் சட்டையில் இருக்கும் எண்ணைச் சொல்லி வைத்திருக்கிறாள்.

தன் காலுக்கு என்ன கேடு என்று அவனுக்குத் தெரியாமல் இல்லை. அறுப்பு முடிந்து தண்ணீர் தேங்கிய வயலில் ஆடி வளர்ந்த கால் அது. சேற்றில் பந்து சொன்ன பேச்சைக் கேட்கும், போட்ட இடத்தில் நிற்கும். காய்ந்த தரையிலோ அது துள்ளிக்கொண்டு ஓடுகிறது, இவன் பின்னால் அலைய வேண்டியிருக்கிறது. மாருலி அவனைத் தேர்ந்தெடுத்த அன்று மழை கொட்டோ கொட்டென்று கொட்டியது. அன்று மட்டும் நான்கு கோல் போட்டான். அதற்குப் பிறகு ஆட்ட நாளில் ஒரு சொட்டுகூட விழவில்லை.

விழாததற்குக் காரணம் அவனுடைய சொந்தத் தாய்மாமன்தான். எங்கே போய்ச் சொல்வது இந்த வயிற்றெரிச்சலை!

கஸ்மோ மாமா மழை கட்டுகிறவர். கல்யாணமோ சுன்னத்து விருந்தோ, பந்தல் நனையக் கூடாது என்றால் அவரைத்தான் கூப்பிடுவார்கள். தமர் அணியில் சேர்ந்ததுமே அவர் கிளப் செயலாளரைத் தேடிப்போய், இனி ஆட்ட நாளில் வானத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டார். மருமகன் வழுக்கி விழுந்து காலை ஒடித்துக்கொள்ளக் கூடாது என்ற கவலை அவருக்கு. வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் விரதம் தொடங்கும். தென்னங்குச்சியில் சின்ன வெங்காயமும் சிவப்பு மிளகாயும் கோத்து, கோல் கம்பங்களுக்குப் பின்னால் நட்டுவைப்பார். ஞாயிறு ஆட்டம் முடியும்வரை குளிக்க மாட்டார். குளித்தால் கட்டு அவிழ்ந்துவிடும். அந்த நாட்களில் தார்மி அத்தை அவருடைய பாயை வாசலில் போட்டுவிடுவாள்.

தமர் இதை நம்பினானா என்றால் அவனுக்கே தெரியாது. ஆனால் டிசம்பர் மாதம், சுற்றுவட்டாரமெல்லாம் வெள்ளக்காடாகக் கிடக்க, மைதானம் மட்டும் அப்பளம் மாதிரி காய்ந்து கிடந்தால் யார்தான் நம்ப மாட்டார்கள்?

சனிக்கிழமை அவன் வீட்டுக்குப் போனான். அம்மா சோறும், சோயாவைப் புளிக்கவைத்துச் செய்த தெம்பே வறுவலும் வைத்தாள். மாமா வாசற்படியில், காற்று உள்ளே வராத பக்கமாகப் பார்த்து உட்கார்ந்து வெங்காயம் கோத்துக்கொண்டிருந்தார்.

"நாளைக்கு ஒரு சொட்டு விழாது. நீ நிம்மதியா ஆடு."

தமர் தட்டைத் தள்ளி வைத்தான். இத்தனை நாள் அடக்கி வைத்தது வெளியே வந்துவிட்டது.

"அந்த ஒரு சொட்டு விழுந்தாத்தான் மாமா என்னால ஆடவே முடியும்."

மாமாவின் கை அப்படியே நின்றது. தமர் எல்லாவற்றையும் சொன்னான். வயல், சேறு, மாருலி தேர்ந்தெடுத்த அன்று பெய்த மழை, திங்கட்கிழமை கழற்றப் போகிற சட்டை. மாமா வெங்காயத்தை அள்ளித் துண்டில் முடிந்துகொண்டு, போட்டு வைத்த காப்பியையும் தொடாமல் போய்விட்டார்.

"வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருக்க மாட்டியா? மூணு மாசமா உனக்காகத்தான்டா அவன் நாத்தத்தோட அலையுறான்" என்றாள் அம்மா. தமருக்குத் தன்னையே இரண்டு அறை அறையலாம் போலிருந்தது.

ஞாயிற்றுக்கிழமை மேகம் கருகருவென்று திரண்டு நின்றது. நின்றதே தவிர இறங்கவில்லை. கோல் கம்பங்களுக்குப் பின்னால் குச்சிகள் வழக்கம்போல நடப்பட்டிருந்தன. மாமா மட்டும் தன் இடத்தில் இல்லை. கோபித்துக்கொண்டார் என்று நினைத்ததுமே தமருக்கு இருந்த கொஞ்ச தெம்பும் போயிற்று. முதல் பாதியில் இரண்டு பந்தைத் தவறவிட்டான். ஜனங்கள் அவனைத் திட்டுவதைக்கூட விட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தார்கள். சிரிப்பு இன்னும் மோசமாக இருந்தது. இடைவேளையில் மாருலி அவனிடம் பத்து நிமிடம் தருவதாகச் சொன்னார். செமாராங் பையனைப் பற்றி எதுவும் சொல்லவில்லை.

இரண்டாம் பாதி தொடங்கிக் கொஞ்ச நேரத்தில் வாசல் பக்கம் ஏதோ சலசலப்பு. தமர் திரும்பிப் பார்த்தான்.

கஸ்மோ மாமா வந்துகொண்டிருந்தார். தலைமுடியிலிருந்து தண்ணீர் சொட்ட, வகிடெடுத்துச் சீவி, முகத்தில் பவுடர் பூசி, மடிப்புக் கலையாத பாத்திக் சட்டை போட்டிருந்தார். அவர் குளித்திருக்கிறார் என்பது கூட்டத்துக்கே தெரிந்தது. செயலாளர் அவர் முன்னால் போய்க் கையை ஆட்டி ஆட்டிக் கத்தினார். ஆட்டம் நடக்கும்போதே, ஊர் பார்க்க, மழை கட்டுகிறவர் குளித்துவிட்டு வந்து நின்றால் இனி எவன் அவரைக் கல்யாணத்துக்குக் கூப்பிடுவான்? மாமா காதில் வாங்காமல் கருவாட்டு அம்மாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தார்.

தமர் பந்தை மறந்து அவரையே பார்த்தான். தன் பிழைப்பையே அல்லவா கழுவிவிட்டு வந்திருக்கிறார் மனுஷன்!

முதல் சொட்டு அவன் மூக்கில் விழுந்தது. அடுத்து வானம் பொத்துக்கொண்டது. கூரை இல்லாத பக்கத்தில் இருந்தவர்கள் அலறி ஓடினார்கள். மழை இரைச்சலில் திட்டும் சிரிப்பும் எதுவுமே அவன் காதில் விழவில்லை. காலுக்கடியில் சேறு குழைந்தது. அப்பாடா என்றிருந்தது அவனுக்கு.

நடுக்களத்திலிருந்து நீளமாக ஒரு பந்து வந்தது. எதிரணித் தடுப்பாட்டக்காரன் அது துள்ளி வரும் என்று நம்பி முன்னால் ஓடினான். பந்து குட்டையில் விழுந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டது. தமருக்கு அது தெரியும். சின்ன வயதிலிருந்தே தெரியும். நின்று, நிதானமாக, வலது காலால் அதைத் தோண்டி எடுத்து மூலையில் போட்டான். வலை தண்ணீரை உதறிக்கொண்டு அசைந்தது.

மழையிலும் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்த கருவாட்டு அம்மாள் கூடையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆடினாள். ஆட்டம் ஒன்றுக்குப் பூஜ்யம் என்று முடிந்தது.

விசில் ஊதியதும் தமர் நேராக வேலிக்கு ஓடி, மாமாவைச் சேற்றோடு கட்டிக்கொண்டான். அவ்வளவு மழையிலும் அவர்மேல் சோப்பு வாசனை அடித்தது.

"மொதல் மேட்ச்லயே சொல்லித் தொலைச்சிருக்கலாம்லடா. உங்க அத்தையாவது என்னை வீட்டுக்குள்ள விட்டிருப்பா" என்றார் மாமா.

மாருலி குடை இல்லாமலே நடந்து வந்தார். தமரிடம் நாளை பயிற்சிக்கு நேரத்துக்கு வந்து சேர் என்று மட்டும் சொன்னார். பிறகு மாமாவை மேலும் கீழும் பார்த்தார்.

"எனக்கு இதுலயெல்லாம் நம்பிக்கை கிடையாது. இருந்தாலும் அடுத்த மேட்சுக்கும் குளிச்சுட்டே வந்துடுங்க."