டுவைட் அபகரித்த சலுகை

மார்லிஸ் மல்யுத்தம் செய்து கல்லூரியில் படித்தவள். அதற்காகக் கிடைத்த உதவித்தொகை அவளுடைய விடுதிக்கும் சாப்பாட்டுக்கும் போனது. பாடக் கட்டணத்தைக் கடன் வாங்கிக் கட்டினாள். போன வருஷம் புத்தாண்டு அன்று அவளுடைய அப்பா டுவைட் குடிவெறியில் அவள் தாடையை உடைத்து வீட்டைவிட்டுத் துரத்தினார். அதன்பிறகு விடுமுறைக்கெல்லாம் இறந்துபோன அம்மாவின் தங்கை வெர்னா வீடுதான்.

இந்த வருஷம் பிப்ரவரியில் அங்கே உட்கார்ந்து, போன வருஷத்து வரிக்கணக்கை இணையத்தில் அனுப்பினாள். உடனே திரும்பி வந்துவிட்டது.

"என்ன சித்தி இது? என்னை ஏற்கெனவே யாரோ தன் கணக்குல காட்டியிருக்காங்களாம்."

"வேற யாரு, உங்கப்பன்தான். நீ அவன் செலவுல வாழுறேன்னு எழுதி, உன் படிப்புக்கான வரிச்சலுகையை அவன் வாங்கிட்டான்."

"அப்ப எனக்கு?"

"ரூமுக்கும் சாப்பாட்டுக்கும் போன ஸ்காலர்ஷிப் வருமானமாம். வரி நீதான் கட்டணும். சலுகை உனக்கு வந்தா அந்த வரி அதுலயே கழிஞ்சிடும். காகிதத்துல எழுதித் தபால்ல போடு, வரி ஆபீஸ்ல விசாரிப்பாங்க. உங்கப்பன் வீட்டுக்கு மட்டும் போயிடாதே."

மார்லிஸ் வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள்.

டுவைட் தன் பண்ணையில், பன்றிக் கொட்டகை வாசலில் உறைந்துபோன கதவை இரும்புக் கம்பியால் நெம்பிக்கொண்டிருந்தார்.

"வாடி சாம்பியன்! தாடை ஒட்டிக்கிச்சா?"

"கணக்கைத் திருத்தி அனுப்பு. போன வருஷம் பூரா எனக்கு ஒரு ரொட்டித் துண்டு போட்டியா நீ?"

"அதுக்கு முன்னாடி வளர்த்தேன்ல? அதுக்குக் கூலின்னு வெச்சுக்க. அந்தப் பணத்துல லாரிக்குப் புது இன்ஜின் போட்டாச்சு."

"திருடன்."

கம்பி சுழன்று வந்தது. தடுத்த இடது கை முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அடுத்த வீச்சுக்குக் கீழே குனிந்து பாய்ந்து, அவர் கால்களை வாரி உறைந்த சேற்றில் சாய்த்தாள். வலது கையால் கழுத்தை வளைத்து இறுக்கினாள். அவர் அவள் முழங்கையைக் கடித்தார். அவள் இன்னும் இறுக்கினாள். கொட்டகைக்குள் பன்றிகள் அலறின. அவர் முகம் கறுத்து, கால் உதைப்பு தளர்ந்தபோது அவளுக்குள் ஒரு சந்தோஷம் பொங்கியது. பிறகு அவர் தொண்டையிலிருந்து ஒரு கொறகொறப்பு எழுந்தது. தாடை உடைந்த அன்று, ரத்தம் அடைத்த அவள் வாயிலிருந்து வந்ததும் அதே சத்தம்தான். கையை எடுத்துவிட்டாள்.

டுவைட் இருமிக்கொண்டே கம்பியைத் தேடி எடுத்து அவள் முழங்காலில் அடித்தார். அவள் விழுந்தாள். மறுபடி ஓங்கியவரை, மார்லிஸின் பின்னாலேயே இன்னொரு வண்டியில் வந்திருந்த வெர்னா மண்வெட்டியால் முதுகில் அறைந்து வீழ்த்தினாள். போலீஸ் வரும்வரை அவர் தலைமாட்டிலேயே மண்வெட்டியோடு நின்றாள்.

டுவைட் சிறைக்குப் போனார். மார்லிஸின் முழங்கால் சரியாகவில்லை. அடுத்த பருவத்துக்கு அணியில் இடமில்லை, உதவித்தொகையும் நின்றது. அவள் பெட்ரோல் நிலையத்தில் வேலை பார்த்துக்கொண்டே படித்தாள்.

அவள் பிறகு தபாலில் போட்ட கணக்குக்கு இலையுதிர் காலத்தில் வரித்துறையிடமிருந்து பதில் வந்தது. அவள் சொன்னதை ஏற்றுக்கொண்டு, டுவைட்டுக்குக் கொடுத்த சலுகையைத் திருப்பிக் கேட்டிருந்தார்கள்.

"ஜெயிச்சிட்டேடி! அன்னிக்கே சொன்னேன், தபால்ல போட்டா போதும்னு. நீ அங்க போயிருக்கவே வேணாம்," என்று இரவுச் சாப்பாட்டின்போது சொன்னாள் வெர்னா.

"கணக்குக்காக நான் போகல சித்தி," என்றாள் மார்லிஸ். "அந்தாளை அடிக்கணும்னுதான் போனேன்."

வெர்னா மார்லிஸின் தட்டில் இன்னும் கொஞ்சம் இறைச்சியை எடுத்து வைத்தாள்.