மூடியில் எழுதிய விலை

எங்கள் குடியிருப்பு முற்றத்தில் அஜ்வார் என்ற குடமிளகாய்த் தொக்கு கிண்டும் நாளில் வாசனை எல்லை தாண்டி பல்கேரியா வரை போகும். அங்கே சுங்க அதிகாரிகள் கையில் ரொட்டியோடு காத்திருப்பார்கள். முப்பத்தெட்டு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்தவன் நான், பொய் சொல்ல மாட்டேன்.

சிவப்புக் குடமிளகாயைச் சுட்டு, தோலுரித்து, எண்ணெயில் மணிக்கணக்காகக் கிண்டி ஜாடிகளில் அடைத்துவிட்டால் குளிர்காலம் ஓடிவிடும். அண்டாவுக்கு எஜமானி மூன்றாம் மாடி ஸ்லாவோய்க்கா. ஜாடி மூடியில் அந்த வருஷத்து மிளகாய் விலையை எழுதுவது அவள் வழக்கம். இருபத்தாறு வருஷம் தவறாமல் அடுப்பில் ஏறிய அண்டா, இந்த வருஷம் ஏறுமா என்றே தெரியவில்லை. கிலோ நூற்று அறுபது தினார். சந்தைக்குப் போனவள் வெறும் பையோடு திரும்பினாள். நான் பார்க்காத மாதிரி செய்தித்தாளுக்குள் ஒளிந்துகொண்டேன்.

மறுநாளே நகரசபை வேட்பாளர் ரதோமிர் வேனில் பத்து மூட்டை மிளகாயோடு வந்து இறங்கினான். எல்லாம் இலவசமாம். ஜாடிகளில் அவன் படத்தை ஒட்டினால் போதுமாம். ஜெயித்த மறுமாதமே விலை பாதியாகிவிடுமாம்.

ஸ்லாவோய்க்கா நிலவறைக்குப் போய் ஒரு பழைய ஜாடியை எடுத்து வந்தாள். போன தேர்தலில் இதே ரதோமிர் போட்டோவுக்காக ரெண்டு நிமிஷம் எங்கள் அண்டாவில் துடுப்பைப் பிடித்துவிட்டு, அதன் மூடியில் தன் கையாலேயே எழுதியிருந்தான்: அடுத்த வருஷம் கிலோ அறுபது.

"இது உங்க கையெழுத்துதானே தம்பி?"

"உலக நிலவரம் மாறிப்போச்சுக்கா."

"மூடி மாறலையே. அறுபதுக்கு எங்க கிடைக்குதுன்னு சொல்லுங்க, பையோட இப்பவே வரேன்."

படமே வேண்டாம், மூட்டைகளை வைத்துக்கொள்ளுங்கள், அந்த ஜாடியை மட்டும் கொடுங்கள் என்று குழைந்தான். பன்னிரண்டு வீட்டுக்காரர்களும் மூட்டைகளையே பார்த்தோம். என் வாயில் ஊறியது மொராவா ஆற்றையே நிரப்பியிருக்கும்.

அவள் ஜாடியை மார்போடு அணைத்துக்கொண்டாள். "மூட்டைய வண்டில ஏத்துங்க. எங்க அண்டா பாதி நிறைஞ்சாலும் எங்களோடதா இருக்கட்டும்."

வேன் போனதும் கதவுகள் திறந்தன. ஒருத்தர் பால்கனியில் காய்த்த ஏழு மிளகாய் கொண்டுவந்தார், இன்னொருத்தி ஒரு கிலோ. நான் புகையிலைக்கு வைத்திருந்த காசை மிளகாயாக்கினேன். அண்டா பாதிதான் நிறைந்தது. ஆனாலும் ஏறியது. துடுப்பால் இழுத்தால் அடியில் பாதை விழுந்து மூடாமல் நிற்க வேண்டும்; அந்தப் பதம் வரும்வரை முறைபோட்டுக் கிண்டினோம்.

மொத்தம் பத்தொன்பது ஜாடி. மூடியில் 'நூற்று அறுபது' என்று தடித்த மையில் எழுதினாள்.

எதிர்க் கட்டடத்துக்காரர்கள் அந்தப் பத்து மூட்டையையும் வாங்கிக்கொண்டார்கள். அவர்களிடம் நூறு ஜாடி இருக்கிறது. பாவம், தினமும் காலையில் ரதோமிரின் முகத்தில் விழித்துத்தான் ரொட்டி தின்ன வேண்டும்.