ஒன்பது நிமிஷச் சாவி

எங்கள் ஊர் தண்ணீர்த் தொட்டியில் இரண்டு மாடி உயரத்துக்கு ஒரு பசுமாட்டை வரைந்து வைத்திருக்கிறார்கள். அமெரிக்காவில் பாலுக்குப் பேர்போன விஸ்கான்சினில், இப்படிப்பட்ட ஊர்ப் பள்ளிக்கு, ஒரு சொட்டுப் பால் நாக்கில் பட்டாலே தொண்டை அடைத்துக்கொள்ளும் பிள்ளை முதல் வகுப்பில் வந்து சேர்ந்தாள். பெயர் டில்டா. அவள் அம்மா ரோண்டாவுக்கு பால் டேங்கர் லாரி ஓட்டும் வேலை. கடவுளுக்கு விளையாட வேறு வீடு கிடைக்கவில்லை போலிருக்கிறது.

இருபத்திரண்டு வருஷமாக இந்தப் பள்ளி அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவள் நான், வெர்னா. மருந்து எதுவானாலும் பூட்டி வைக்க வேண்டும் என்ற விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியவளும் நான்தான். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் இருந்தது.

வியாழக்கிழமை ரோண்டா டாக்டர் கையெழுத்திட்ட படிவத்தோடு வந்தாள். ஒரு ஆரஞ்சுப் பையில் பேனா மாதிரி இரண்டு அவசர ஊசிகள். தொடையில் வைத்து அழுத்தி மூன்று எண்ண வேண்டும், உடனே ஆம்புலன்ஸைக் கூப்பிட வேண்டும் என்று சொல்லிக்கொடுத்தாள். பழகிப் பார்க்க ஊசியில்லாத பேனா ஒன்றும் கொடுத்தாள். எங்கள் தலைமையாசிரியர் எல்ராய் லிண்ட்னர் அதைத் தலைகீழாகப் பிடித்துத் தன் கட்டைவிரலில் அழுத்திக்கொண்டார். நிஜ ஊசியாக இருந்திருந்தால் முதல் ஆம்புலன்ஸ் அவருக்குத்தான் வந்திருக்கும். பிறகு பள்ளி நர்ஸ் பையை அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு அடுத்த பள்ளிக்குக் கிளம்பினாள். அவள் மூன்று பள்ளிக்குப் பொது.

மறுநாள் காலை ரோண்டா டில்டாவையும் கூட்டிக்கொண்டு, அவளுக்கான பாலில்லாத பிஸ்கட் டப்பாவைக் கொடுக்க வந்தபோது, அலமாரிச் சாவி எங்கே என்று கேட்டாள். நர்ஸிடம் இருக்கிறது, அவள் திங்களும் வியாழனும் வருவாள் என்றார் லிண்ட்னர்.

"அப்ப எம்பொண்ணு திங்களும் வியாழனும் மட்டும்தான் மூச்சுத் திணறணும், இல்லையா சார்?"

மாற்றுச் சாவி இருக்கிறது, கவலை வேண்டாம் என்றார் அவர். ரோண்டா போனில் விநாடி எண்ணும் கடிகாரத்தை ஓடவிட்டாள்.

"டில்டா, கீழ படு. நீ சீஸ் தின்னுட்ட."

"எந்த சீஸ்மா?"

"செடார்."

டில்டா திருப்தியோடு தரையில் விழுந்து, தொண்டையைப் பிடித்துக்கொண்டு, நாக்கை வெளியே நீட்டினாள். இவ்வளவு கொடுமைக்காரத் தாயா என்று நான் மனசுக்குள் திட்டினேன்.

லிண்ட்னர் தன் கொத்திலிருந்த சாவிகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தார். எதுவும் சேரவில்லை. கொதிகலன் அறையிலிருந்து பராமரிப்பு வேலை பார்க்கும் லைலைக் கூப்பிட்டோம். அவன் கொண்டுவந்த கொத்தில் பனி தள்ளும் வண்டியின் சாவிகூட இருந்தது, அலமாரிச் சாவி மட்டும் இல்லை. மாற்றுச் சாவியை அலுவலகத்தில்தான் கொடுத்தேன் என்றான் லைல். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். என்னிடம் அப்படி எதுவும் இல்லை என்று அடித்துச் சொன்னேன். நிரூபிப்பதற்காக மேஜை இழுப்பறையைத் திறந்து கொட்டினேன். புதினா மிட்டாய் டப்பாவுக்குள்ளிருந்து சாவி விழுந்தது. அதில் கட்டியிருந்த சீட்டில் என் கையெழுத்து.

தரையிலிருந்து டில்டா கேட்டாள்: "மிஸ் வெர்னா, நான் செத்தாச்சா? எழுந்துக்கட்டுமா?"

"ஒம்பது நிமிஷம்," என்றாள் ரோண்டா. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினாள். எனக்கு வெட்கமாக இருந்தது. சுவரில் ஒட்டிய விதியை அன்று என் கையாலேயே கிழித்தேன்.

லிண்ட்னர் அலமாரியிலிருந்து ஆரஞ்சுப் பையை எடுத்துக்கொண்டு சாப்பாட்டு அறைக்குப் போனார். அந்த வாசலில், சின்ன வயதில் அவருடைய கன்றுக்குட்டி மாவட்டக் கண்காட்சியில் வாங்கிய பரிசுப் பலகை மாட்டியிருக்கும். அதைத் தொட்டுத் துடைக்கக்கூட எங்களை விடமாட்டார். அதைக் கழற்றிவிட்டு அந்த ஆணியில் ஆரஞ்சுப் பையை மாட்டினார். மேலிடத்தில் நான் பேசிக்கொள்கிறேன் என்றார்.

அதன்பிறகு வெள்ளிக்கிழமைதோறும் டில்டா செத்தாள். ஒரு வாரம் மொசரெல்லா சீஸ், ஒரு வாரம் ஐஸ்க்ரீம். ஒவ்வொரு முறையும் நாக்கை நீட்டுவாள். சமையல்கார பெர்னிஸ் பயிற்சிப் பேனாவோடு நாற்பத்தோரு விநாடியில் வந்து சேர்ந்ததுதான் சாதனை. அதைப் பற்றி அவள் பேசாத நாளில்லை.

பிப்ரவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை, யாரோ ஒரு பிள்ளையின் பிறந்தநாள் கேக் வகுப்பில் சுற்றியது. சாப்பாட்டு அறை வாசலில் நான் பால் கணக்கு எழுதிக்கொண்டிருந்தேன். டில்டா தொண்டையைப் பிடித்தபடி வந்தாள்.

"இன்னைக்கு வெள்ளிக்கிழமை இல்லடி," என்றாள் பெர்னிஸ்.

டில்டா நாக்கை நீட்டவில்லை. அதைப் பார்த்ததும் இது விளையாட்டு இல்லை என்று எனக்குப் புரிந்தது. ஆணியிலிருந்த பையைப் பிடுங்கினேன், ஊசியைத் தொடையில் அழுத்தினேன், சத்தமாக மூன்று எண்ணினேன். பெர்னிஸ் ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். கொஞ்ச நேரத்தில் டில்டாவுக்கு உடம்பெல்லாம் உதறியது, பிறகு மூச்சு வந்தது. அதற்கப்புறம்தான் எனக்கும் வந்தது.

மருத்துவமனை வாசலில் ரோண்டா பால் டேங்கரையே கொண்டுவந்து நிறுத்தினாள். அதை எடுக்கச் சொல்ல யாருக்கும் தைரியம் வரவில்லை. ஓடிவந்து கட்டிலைப் பிடித்துக்கொண்டவளிடம், வீங்கிய உதட்டோடு டில்டா சொன்னாள்:

"மிஸ் வெர்னா பெர்னிஸைவிட வேகம்மா. நான் சாகவே இல்ல."