நாற்பது கஜம்

பல் டாக்டரான அண்ணி ஞாயிறு தவறாமல் கோல்ஃப் ஆடப் போகிறவள். ஆடுவதற்கென்று அவளுக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்திருந்தாள் நாத்தனார். தையல்தான் அவள் தொழில். "கையைத் தூக்கினா அக்குள்ல பிடிக்குதுடி" என்று அண்ணி குறைப்பட்டதும், அதையும் கண்ணால் பார்த்துவிடலாமென்று நாத்தனார் சனிக்கிழமை காலை அவளோடு பயிற்சித் திடலுக்குக் கிளம்பிவிட்டாள்.

தூரத்து அடிகளை அண்ணி அநாயாசமாக அடித்தாள். பந்து மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது. சட்டை பிடிக்கும் இடத்தில் நாத்தனார் சாக்கட்டியால் கோடு போட்டாள். வந்த வேலை முடிந்துவிட்டது.

அப்போது அண்ணி முகம் சாய்ந்த குட்டை மட்டை ஒன்றை எடுத்தாள். வெட்ஜ் என்று அதற்குப் பெயராம். கொடி நாற்பது கஜத்தில் நின்றது. ஓங்கி இறக்கினாள். மட்டை பந்துக்குப் பின்னாலேயே மண்ணைத் தோண்டியது. பந்து நாலடி உருண்டு நின்றது. அடுத்த பந்து உச்சந்தலையில் அடி வாங்கி, கொடியைத் தாண்டிப் புதருக்குள் பாய்ந்தது.

"அவ்ளோ தூரம் அடிக்கறீங்க, இத்துனூண்டு தூரத்துக்கு என்ன அண்ணி வந்துச்சு?"

"தெரிஞ்சா சொல்ல மாட்டேனா? மூணு வருஷமா இதே கூத்து. இத்தனைக்கும் மெதுவாத்தான் அடிக்கறேன்."

"மெதுவாவா? எங்க, இன்னொரு தடவை அடிங்க."

நாத்தனாருக்கு ஆட்டம் தெரியாது. அதனால் தெரிந்ததைப் பார்த்தாள். தூரத்து அடிக்கு ஓங்கும்போது சட்டையின் கீழ்விளிம்பு நாலு விரற்கடை மேலே ஏறியது. நாற்பது கஜத்துக்கும் அதே நாலு விரற்கடை. இருபதுக்கு அடிக்கச் சொன்னாள். அதற்கும் நாலுதான்!

"அண்ணி, எல்லாத்துக்கும் ஒரே மாதிரி ஓங்கறீங்க. பந்துகிட்ட வந்ததும் ஐயோ ஜாஸ்தியாச்சேன்னு கையை இழுத்துப் பிடிக்கறீங்க."

"நீ எப்போடி கோல்ஃப் பாத்தே?"

"நான் எங்க பாத்தேன்? சட்டையத்தான் பாத்தேன்."

அண்ணிக்குச் சிரிப்பு வந்தது. கூடவே சந்தேகமும் வந்தது. நாத்தனார் விடவில்லை. பையிலிருந்த வெட்டுத்துணிகளைப் பத்துக் கஜத்துக்கு ஒன்றாகப் புல்லில் போட்டுவிட்டு வந்தாள்.

"இடுப்பு உசரத்துக்கு மட்டும் ஓங்குங்க. ஆனா நடுவுல தயங்கக் கூடாது. இந்தப் பக்கம் எவ்ளோ வந்துச்சோ, அந்தப் பக்கமும் அவ்ளோ போகணும்."

பத்துப் பந்துகளில் ஏழு, இருபதுக்கும் முப்பதுக்கும் நடுவே விழுந்தன. நெஞ்சு உயரத்துக்கு ஓங்கியபோது நாற்பதைச் சுற்றி விழுந்தன. "மட்டையைக் கொஞ்சம் கீழ தள்ளிப் பிடிச்சா?" என்று கேட்டது இப்போது அண்ணி. அப்படி அடித்ததில் நாலைந்து கஜம் குறைந்தது. இருவரும் மாறி மாறிப் பந்து பொறுக்கினார்கள். தையல் கடையிலிருந்து வந்த இரண்டு போன்களையும் நாத்தனார் எடுக்கவில்லை.

மறுநாள் போட்டி. நாத்தனாரும் கூடவே நடந்தாள். மூன்றாவது குழியில் அண்ணிக்குப் பழைய பயம் வந்து கை தயங்கியது. பந்து முன்னாலிருந்த மணல் பள்ளத்தில் புதைந்தது. ஏழாவது குழியில் மறுபடி அதே நாற்பது கஜம். அண்ணி நெஞ்சு வரை ஓங்கினாள், தயங்காமல் வீசி முடித்தாள். பந்து உயர்ந்து, குழியைச் சுற்றிய கிரீன் புல்தரையில் பொத்தென்று விழுந்து, கொடிக்கு ஆறடியில் நின்றது.

அண்ணி மட்டையைப் பிடித்தபடி அசையாமல் நின்றாள். "நான்தானா அடிச்சேன்?" என்றாள்.

அந்த ஆறடியைக் குழிக்குள் உருட்டுவதில் கோட்டை விட்டதும், மொத்தத்தில் ஒன்பதாவதாக வந்ததும் வேறு விஷயம். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் அண்ணி அந்த ஓர் அடியைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தாள். நாத்தனார் ஜன்னல் பக்கம் பார்த்தபடி யோசித்தாள்.

"அண்ணி, புல்லு ஈரமா இருந்தா எவ்ளோ குறையும்?"

"தெரியலையே."

"அடுத்த சனிக்கிழமை கொஞ்சம் சீக்கிரமே போயிடுவோமா?"