பருத்திக்காட்டில் தோக்ரமா

பத்து மணிக்குள் ஆய்போலெக் இரண்டு வரிசை பருத்தி எடுத்து முடித்திருந்தாள். வெடித்துக் காய்ந்த காயின் நுனி முள்ளாகிவிடும். பஞ்சை எடுக்க வருகிற விரலை அது சும்மா விடுவதில்லை. அவளுடைய நகக்கண்கள் எல்லாம் கீறிக் கிடந்தன. ஆனால் இன்று அவளுக்கு விரலைப் பார்க்க நேரமில்லை. நிமிரும்போதெல்லாம் வாய்க்கால் கரையில் இருந்த மல்பெரி மரத்தையே பார்த்தாள். அதன் அடியில், புருஷனின் பழைய கோட்டுக்குள் பொதிந்து எட்டு ரொட்டிகள் இருந்தன. விடியுமுன் எழுந்து புளிக்காத மாவில் தந்தூரில் சுட்டவை. பக்கத்தில் வெந்த ஆட்டிறைச்சி, குழம்போடு ஒரு பானையில்.

குர்பான் பெருநாள். மற்ற வருடங்களில் இந்த நாளில் காட்டுப்பக்கம் ஒரு குருவிகூட வராது. இந்த வருடம் அறுவடை பிந்திவிட்டது என்று மேஸ்திரி பாபாகுலி விடுமுறையை ரத்து செய்துவிட்டான். பெருநாளுக்கு அவன் மட்டும் புதுத் தொப்பி போட்டிருந்தான்.

ஆய்போலெக்கின் புருஷன் நூர்கெல்தி துர்க்மெனிஸ்தானை விட்டுப் போய் மூன்று வருடமாக இஸ்தான்புல்லில், ஒரு தோல் பட்டறையில் தைக்கிறான். போன வாரம் போனில் பேசியவன் வேறு எதையும் கேட்கவில்லை.

"இங்க ரொட்டின்னு குடுக்கறது வெறும் காத்து, ஆய். தின்ன மாதிரியே இல்ல. இந்தப் பெருநாளுக்குத் தோக்ரமா பண்ணி அனுப்பு. நீ மட்டும் பிச்சா பத்தாது. தெருவே உக்காந்து பிச்சதா இருக்கணும்."

சொல்லிவிட்டுச் சிரித்தான். அந்தச் சிரிப்பு அவளுக்குப் பிடிக்கவில்லை. 

பக்கத்து வீட்டு மெரெத் நாளைக்கு இஸ்தான்புல்லுக்கு விமானம் ஏறுகிறான். இன்று இரண்டு மணிக்கு அவனுடைய கார் வாய்க்கால் பாதையில் போகும். தோக்ரமா என்பது பிய்த்த ரொட்டியும் உதிர்த்த இறைச்சியும்தான்; குழம்பு படாமல் இருந்தால் தாங்கும். அங்கே நூர்கெல்தி ஒரு எலும்பை வேகவைத்து அந்தச் சாற்றைச் சுடச்சுட ஊற்றிக்கொள்வான்.

சாப்பாட்டு வேளை வந்ததும் ஆறு பெண்கள் மரத்தடிக்கு ஓடினார்கள். விரிப்பை விரித்து, ரொட்டியை நகம் அளவுக்குப் பிய்க்க ஆரம்பித்தார்கள். நடுவில் பொடியாக அரிந்த வெங்காயம் விழுந்தது. வெங்காயச்சாறு கீறலில் பட்டதும் ஷெகெர் அக்கா அலறினாள்.

"ஐயோ! இந்த எரிச்சலுக்கு உன் புருஷன் எனக்கு ஒரு தோல் கோட்டு அனுப்பலேன்னா நான் அவன சும்மா விடமாட்டேன்."

"அவரு தைக்கிற கோட்ட அவரே போட்டுப் பாத்ததில்லையாம் அக்கா."

"அப்ப செருப்பாவது அனுப்பச் சொல்லு. ஒத்தச் செருப்பு போதும்."

எல்லாரும் சிரித்தார்கள். ஆய்போலெக்கும் சிரித்தாள். நூர்கெல்தி பக்கத்தில் உட்கார்ந்தால் ரொட்டியைப் பெரிது பெரிதாகப் பிய்ப்பான். பெண்களிடம் திட்டு வாங்குவான். வேண்டுமென்றே இன்னும் பெரிதாகப் பிய்ப்பான். அந்த இடத்தில் இப்போது கோட்டு கிடந்தது. அவனை ஒருமுறை திட்ட முடிந்தால் போதும் என்று இருந்தது அவளுக்கு.

இறைச்சியையும் உதிர்த்துக் கலந்தாயிற்று. அப்போது மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது.

"மூடுடீ, மூடு. மேஸ்திரி வரான்," என்றாள் ஷெகெர் அக்கா.

ஆய்போலெக்கின் கை விரிப்பின் ஓரத்துக்குப் போயிற்று. ஆனால் ரொட்டி விரிந்து கிடக்கிறது, ஒரு ஆள் பக்கத்தில் வந்து நிற்கிறான். பிறந்ததிலிருந்து பழகிய வாய் அவளைக் கேட்காமலே பேசிவிட்டது.

"வாங்கண்ணே, உக்காருங்க. ஒரு வாய் சாப்பிடுங்க."

பாபாகுலி குந்தி உட்கார்ந்து ஒரு கை அள்ளிப் போட்டுக்கொண்டான். கண்ணை மூடி மென்றான். இன்னொரு கை அள்ளினான். வேளை தாண்டியதற்குத் திட்டாமல், நன்றி சொல்லிவிட்டு வண்டியைக் கிளப்பினான்.

"பெருநாளு அவனையும் மனுஷனாக்கிடுச்சு பாரேன்!" என்றாள் ஷெகெர் அக்கா.

ஆய்போலெக் மெரெத்திடம் கொடுத்தனுப்பும் பையை எடுத்து வாயைப் பிரித்துக்கொண்டிருந்தாள். மோட்டார் சைக்கிள் திரும்பி வந்தது. பின்னால் ஒரு வெள்ளைக் கார். மாவட்டத்திலிருந்து காடு பார்க்க வந்த மூன்று அதிகாரிகள் இறங்கி, கைகழுவ எங்கே தண்ணீர் என்று கேட்டார்கள்.

"நல்லதாப் போச்சு," என்றான் பாபாகுலி. "கிண்ணம் எடு. குழம்பச் சூடு பண்ணு."

"அண்ணே, இது அவருக்குப் போகுதுண்ணே. ரெண்டு மணிக்கு ஆள் வராரு."

"நாளைக்கு வேற பண்ணு."

"நாளைக்கு பிளேன் போயிடும்."

"நீதானம்மா கூப்ட்ட? என்ன கூப்ட்ட, அவங்கள கூப்டமாட்டியா? பெருநாளும் அதுவுமா விருந்தாளிங்கள வெறும் டீயோட அனுப்பவா?" பிறகு குரலைத் தாழ்த்தினான். "அடுத்த வாரம் யார எந்தக் காட்டுக்குப் போடறதுன்னு நான்தான் எழுதணும். யோசிச்சுக்கோ."

வந்தவர்கள் அதற்குள் விரிப்பைச் சுற்றிச் சம்மணமிட்டுவிட்டார்கள். உட்கார்ந்த விருந்தாளியை எழுப்ப அவளுக்குத் தெரியாது. எந்தத் துர்க்மென் பெண்ணுக்கும் தெரியாது. டீ அடுப்பில் குழம்பைச் சூடாக்கி, பெண்களின் தேநீர்க் கெட்டில்களில் ஆளுக்கொன்று வைத்தாள். கிண்ணங்களை ரொட்டியால் நிரப்பினாள். கரண்டி நிறையக் குழம்பைத் தூக்கி, ஒரு கணம் அப்படியே நிறுத்தினாள். ஊற்றிவிட்டால் அது இஸ்தான்புல் போகாது. ஊற்றினாள்.

வந்தவர்களில் பெரியவர் மூன்று கிண்ணம் சாப்பிட்டார். மற்றவர்களும் குறை வைக்கவில்லை. பாபாகுலி மறுபடியும் சாப்பிட்டான்.

"இந்தக் கை நல்லா இருக்கணும் மகளே," என்று வாழ்த்தினார் பெரியவர்.

பாதையில் ஹாரன் அடித்தது. ஆய்போலெக் விரிப்பின் மூலையில் ஒதுங்கியிருந்த துணுக்குகளை விரலால் கூட்டி, தலைத்துணியின் முனையைக் கிழித்து முடிந்துகொண்டு ஓடினாள்.

மெரெத் முடிச்சைக் கையில் தூக்கிப் பார்த்தான். "இவ்வளவுதானா? பெட்டில பாதி இடம் விட்டு வெச்சிருக்கேன். அவன் தினமும் போன் பண்றான்."

"எல்லாரும் சேந்துதான் பிச்சோம்னு சொல்லுங்க," என்றாள். 

கார் புழுதிக்குள் மறையும்வரை நின்றுவிட்டு மரத்தடிக்குத் திரும்பினாள். விருந்தாளிகள் எழுந்துவிட்டார்கள். கையெல்லாம் ஆட்டுக்கொழுப்பு. தண்ணீர்க் கேன் காலியாகியிருந்தது, வாய்க்காலில் சேறுதான் கிடந்தது. பாபாகுலி சுற்றுமுற்றும் பார்த்தான். மரத்தில் சாய்த்து வைத்திருந்த அவளுடைய சாக்குக்குள் கையை விட்டு, காலையில் அவள் எடுத்த பஞ்சைக் கொத்தாகப் பிடுங்கி ஆளுக்குக் கொஞ்சம் நீட்டினான். அவர்கள் விரல் விரலாகத் துடைத்து வாய்க்காலில் போட்டார்கள்.