பேச்சியம்மாவின் வயதுகள்

பேர்னாட் பீடிக் கொட்டகைக்குள் நுழைந்தபோது பேச்சியம்மாவுக்குப் பதினான்கு வயது. அன்று காலை தம்பிக்கு மருந்து வாங்கப் பொரளைக்கு ட்ராம் ஏறியபோது அவளுக்கு ஒன்பது. அரை டிக்கட்டில்தான் போய் வந்தாள். இடையில் கூப்பன் கடை வரிசையில் நின்று வளர்ந்த ஆளுக்குரிய அரிசியை வாங்கினாள். கடைக்காரர் வயது கேட்கவில்லை; கேட்டிருந்தால் கல்யாணம் பேசுகிறார்கள் என்றிருப்பாள். ஒரே நாளில் இத்தனை வயதுகளில் இருந்துவிட்டு, சாயங்காலம் களைப்பே இல்லாமல் பாண்டி விளையாடிய பிள்ளை கொட்டாஞ்சேனையில் அவளுக்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

பேர்னாட் பள்ளிக்கூடம் வராத பிள்ளைகளைத் தேடிப் பிடிக்கிற அரசாங்க உத்தியோகத்தர். பதினான்கு வயது ஆகும்வரை பிள்ளை பள்ளியில் இருக்கவேண்டும் என்பது சட்டம். அது ஆகிவிட்டால் அவருக்கு அங்கே வேலை இல்லை. ஆகையால் அவருடைய தொப்பி தெருமுனையில் தெரிந்ததும் அந்தத் தெருப் பிள்ளைகள் எல்லாம் நாலைந்து வயது மூத்துவிடுவார்கள். ஒருமுறை தொட்டிலில் கிடந்த பிள்ளைக்கே பதினான்கு என்று தாய் சாதித்ததையும், சாட்சிக்கு மீசை அரும்புவதைக் காட்டியதையும் அவர் கந்தோருக்கு அறிக்கையாக எழுதியிருக்கிறார். மேலதிகாரி அதில் "பார்த்தேன்" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருந்தார்.

"எத்தின வயசு?"

"பதினாலு, தொரை." பேச்சியம்மா தலை நிமிராமல் பீடியின் வாயை நகத்தால் மடித்துக்கொண்டிருந்தாள்.

"வயசு கேட்டுத்தான் எடுத்த, தொர," என்றார் முதலாளி மஜீட். "புள்ள கொஞ்சம் கட்டை. அது படச்சவன்ட வேல. அதுக்கு என்னயும் சேத்து எழுதப் போறீங்களா?"

பீடி வாய் மடிக்க மெல்லிய விரல் வேண்டும். பெரியவர்கள் விரல் பட்டால் இலை கிழிந்துவிடும். அதனால் மஜீடின் கொட்டகையில் மூலையோரமாக ஒரு சவுக்காரப் பெட்டி கவிழ்த்துப் போட்டிருக்கும். அதில் உட்காருகிறவர் யாராக இருந்தாலும் வயது பதினான்கு.

அன்று பேர்னாட்டுக்கு வீம்பு பிடித்தது. இவளுக்குப் பதினொன்றுக்கு மேல் ஒரு நாள் கூட இராது என்று நிரூபித்தே தீருவதெனப் புறப்பட்டார். பிரசவ ஆஸ்பத்திரி, பதிவுக் கந்தோர், மறுபடி ஆஸ்பத்திரி என்று மூன்று மாதம் அலைந்தார். சப்பாத்துக்கு இரண்டு தடவை அடி மாற்றினார். முதல் நாள் தேநீர் கையில் வைத்திருந்த கிளார்க்கர், கடைசி நாளும் அதே தேநீரைத்தான் ஊதிக்கொண்டிருந்தார். கடைசியில் பிறப்புப் பத்திரம் கிடைத்தது. பதினொன்று. பேச்சியம்மா பாவாடையைத் துவைத்துக் கட்டிக்கொண்டு, பாலர் வகுப்பில் ஐந்து வயதுக்காரர்களுக்கு நடுவே கோயில் தேர் போலப் போய் உட்கார்ந்தாள். பேர்னாட் அன்று பகல் இரண்டு தட்டுச் சோறு சாப்பிட்டார்.

மூன்றாம் வாரம் கொட்டகையை எட்டிப் பார்த்தார். சவுக்காரப் பெட்டியில் பேச்சியம்மாவின் தங்கை இசக்கி இருந்தாள். ஏழு வயது. முன்பற்கள் இரண்டும் விழுந்திருந்தன.

"இவளுக்கு?"

"பதினாலு," என்றார் மஜீட்.

"பல்லு எங்க, முதலாளி?"

"சண்டைக் காலம் தானே, தொர. சாப்பாடு சரியில்ல. பல்லு பிந்தி வருது."

பேர்னாட் சிரிக்கவில்லை. ஒரு பிள்ளையைத் தூக்கினால் அதே இடத்தில் அதைவிடச் சின்னது ஒன்று முளைக்கும் என்று சட்டத்தின் எந்தப் பிரிவிலும் இல்லை. கந்தோருக்குப் போய்ச் சட்டப் புத்தகத்தை முதலிலிருந்து கடைசிவரை இரண்டு தரம் பார்த்தார். நல்லதென்று செய்த வேலை ஏழு வயதாகக் குறுகி அந்தப் பெட்டியில் உட்கார்ந்திருந்தது. யாரைத் திட்டுவது என்று தெரியவில்லை. வழியில் ஒரு மாட்டு வண்டிக்காரனைத் திட்டினார்.

நேரே மாடத்தி வீட்டுக்குப் போனார். மாடத்தி அந்தப் பிள்ளைகளின் தாய். முனிசிப்பல் ரோடு கூட்டுகிறவள். புருஷன், ஜப்பான்காரன் குண்டு போட்ட அன்று சொந்த ஊர்ப் பக்கம் ஓடியவன். நின்றதாக இன்னும் தகவல் இல்லை. ஒற்றை அறை வீட்டின் வாசலில், இருமுகிற இரண்டு வயதுப் பையனை மடியில் போட்டுக்கொண்டிருந்தாள். பள்ளி விட்டு வந்த பேச்சியம்மாவும், கொட்டகையிலிருந்து வந்த இசக்கியும் இரண்டு பக்கமும் நின்றார்கள்.

"சின்னவளையும் பள்ளிக்கு விடோணும், மாடத்தி. இல்லாட்டி வழக்குப் போடுவன்."

"போடுங்க, தொரை. ரெண்டையும் கூட்டிட்டுப் போங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "நாங் கூட்டுற காசு அரிசிக்குச் சரி. இவன் மருந்துக்கு யாராச்சும் அங்க ஒக்காரணும். இவனையே ஒக்கார வச்சிரலாம். வெரலு கொஞ்சம் வளரட்டும்."

பேர்னாட் பையனின் விரல்களைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பினார்.

"தொரை," என்றாள் பேச்சியம்மா. "எனக்குப் பதினாலுன்னு எழுதிருங்க. நாம் பெட்டிக்குப் போறேன். இசக்கி பள்ளிக்கொடம் போகட்டும்."

"உனக்குப் பதினொண்டு. பத்திரம் இருக்கு."

"அது உங்க கிட்டதான இருக்கு. அங்க பெஞ்சுல மொழங்கால் இடிக்குது. டீச்சர் என்னைய எழுப்புறதே சின்னதுகளுக்கு மூக்குச் சீந்தி விடத்தான்."

"ஏன், பள்ளிக்கூடம் பிடிக்கேல்லையோ?"

"எண்ணுல இருபது வரைக்கும் வந்துட்டேன், தொரை," என்றாள். பிறகு, "அவளுக்கு ஏழுதான். அவ நூறு வரைக்கும் போவா."

பேர்னாட் பிள்ளைகளின் பெயர் பதிகிற இடாப்பை விரித்தார். பேச்சியம்மாவின் பெயருக்கு எதிரே வயதுக் கட்டம் வெறுமையாகக் கிடந்தது. பத்திரத்தைப் பார்த்து மையால் நிரப்ப வேண்டியது. மூன்று மாதம் அலைந்த பதினொன்று அவருடைய சட்டைப்பையில் நாலாக மடிந்து இருந்தது. பென்சிலைக் கட்டத்தில் வைத்தார். எடுத்தார். மறுபடி வைத்தார். இருபது வருட உத்தியோகத்தில் எழுதிப் பழகிய கை, எழுத்துத் தெரியாத கையைப்போல நின்றது.

"குடுங்க, தொரை, எனக்குத் தெரியும்," என்று பேச்சியம்மா பென்சிலை அவர் விரல்களிலிருந்து மெதுவாக உருவினாள். அவர் தடுக்கவில்லை. நாக்கை ஒரு பக்கம் கடித்துக்கொண்டு குனிந்தாள். முதலில் ஒன்று, நெட்டுக்குத்தாக. பிறகு நாலு. கட்டத்தின் கோட்டைத் தொடாமல், வகுப்பில் சொல்லிக்கொடுத்தபடி.

இசக்கி அக்காவின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தாள்.

"இது என்னது?"

"என் வயசு."

பேர்னாட் பையிலிருந்து அழிறப்பரை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டிருந்தார். அழகான நாலு. புகையிலைக் கறை படிந்த சின்ன விரலால் இசக்கி அதன் மேல் மெல்லக் கோடு போட்டுப் பார்த்தாள். மேலிருந்து கீழே, பிறகு குறுக்கே.