இரவல் நுணுக்குக்காட்டி

இரவல் பொருள் என் பொறுப்பில் இருந்தால் எனக்கு நித்திரை வராது. அதிலும் இது புண்ணியமூர்த்தி சேரின் நுணுக்குக்காட்டி. பக்கத்துப் பாடசாலையில் விஞ்ஞானம் படிப்பிக்கும் அவர் அதைப் பெற்ற பிள்ளையைப் போலப் பார்க்கிறவர். எங்கள் பாடசாலையில் இருந்தது கடற்காற்றில் பூஞ்சணம் பிடித்து எப்போதோ செத்துவிட்டது. "ஒரு கீறல் விழுந்தாலும் இனிக் கேட்டு வராதீங்க முபீன்" என்று சொல்லித்தான் தந்தார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்காகப் பதினொன்றரைக்குப் பாடசாலை விடும்போது வந்து எடுப்பதாகப் பேச்சு.

அந்த வெள்ளி, பத்தாம் தரப் பிள்ளைகளை வாசலிலேயே நிறுத்திச் சட்டம் போட்டேன். கையைக் கழுவு, ஈரத்தைத் துடை, வில்லையில் விரல் படக்கூடாது. அப்படியும் மனம் கேட்கவில்லை. ஒவ்வொரு பிள்ளை பார்த்த பிறகும் நான் ஒருதரம் குனிந்து சரிபார்த்தேன். வெங்காயத்தோலின் உயிர்க்கலங்கள் செங்கல் அடுக்கியதுபோலத் தெரிந்தன.

கடைசியாக வந்தவள் றிபா.

"சேர், கறுப்புக் கறுப்பாப் புள்ளி தெரியிது."

பார்த்தேன். உண்மைதான். தோல் வைத்த கண்ணாடி வழுக்கியை மாற்றினேன், புள்ளி போகவில்லை. திரும்பி மணிக்கூட்டைப் பார்த்தேன். மணி பதினொன்று இருபது.

"ஆரு கீழ் வில்லைய வழுக்கியில முட்ட வெச்சுக் கீறின?" என்று கத்தினேன்.

றிபாதான் பயந்து பயந்து கதைத்தாள். "சேர், கண் வெக்கிற துண்டத் திருப்பிப் பாக்கச் சொல்லி நீங்கதானே படிப்பிச்ச? புள்ளியும் சேந்து சுத்தினா அழுக்கு அதிலதானே."

கோபத்தில் என் பாடம் எனக்கே மறந்துவிட்டது. திருப்பினேன். புள்ளிகளும் சேர்ந்து சுற்றின. அல்ஹம்துலில்லாஹ்! கீழ் வில்லைக்கு ஒன்றுமில்லை. போன உயிர் திரும்பி வந்தது. வில்லைத் தாளால் மெல்லத் துடைத்தேன். தாளில் ஒட்டியிருந்தது கண்ணுக்கு இடும் கறுப்புச் சுறுமா.

உயிரோடு கோபமும் திரும்பி வந்தது. "ஜும்ஆவுக்குச் சுறுமா போட்டுட்டு இதுல கண்ண வெச்ச ஆரு?"

பையன்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். பிறகு எல்லோருமாக என்னைப் பார்த்தார்கள். தன் முதுகு தனக்குத் தெரியாது என்பார்கள். எனக்கு என் கண்ணே தெரியவில்லை. காலையில் குளித்து, வெள்ளிக்கிழமை வழக்கப்படி சுறுமா இட்டு வந்தவன் நான். முப்பது தரம் குனிந்தவனும் நான்.

"மன்னிச்சுக்கங்க புள்ளயள்" என்றேன். வகுப்பே சிரித்தது. வெட்கமாக இருந்தாலும் அந்தச் சிரிப்பு எனக்குப் பிடித்திருந்தது.

புண்ணியமூர்த்தி சேர் வந்ததும் ஒளிக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் குனிந்து வெகுநேரம் பார்த்தார். நிமிர்ந்தபோது குழாயின் மேல் அவர் நெற்றியிலிருந்து கொஞ்சம் திருநீறு கொட்டியிருந்தது. சட்டைப் பையிலிருந்து ஒரு மெல்லிய துணியை எடுத்துத் தட்டிவிட்டார்.

"உங்களுக்குச் சுறுமா, எனக்கு இது. இருபது வருசமாத் தட்டுறன், பிள்ளையளுக்குச் சொல்லல்ல" என்று சிரித்தார். பெட்டியை என் பக்கமே தள்ளினார். "அடுத்த கிழமையும் வெச்சுப் படிப்பிங்க. முகத்தக் கழுவிட்டு."